கான்ட்ராக்டர் விற்ற ஜீப்

வாங்கி வந்த மூன்றாம் நாளே ஜீப் இடது பக்கம் இழுத்தது. நேர் ரோட்டில் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் போதும், தண்ணீரைக் கண்ட எருமை மாதிரி ஓரத்துப் புளியமரங்களைப் பார்த்துப் போகும். துரைக்கண்ணு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாலாஜாபாத் அரிசி மில்லில் பன்னிரண்டு வருஷம் நெல் லாரி ஓட்டியவன். எந்த வண்டி எந்தப் பக்கம் இழுத்தாலும் தோளைக் கொடுத்தே நேராக்கிக்கொண்டு போகிற பழக்கம் அவனுக்கு இருந்தது.

மில் வேலை ஐப்பசியிலேயே போய்விட்டது. பெரிய முதலாளி படுத்த பிறகு மகன் வந்து உட்கார்ந்தான். ஒரு நாள் எல்லார் எதிரிலும் 'டேய்' என்று கூப்பிட்டான். துரைக்கண்ணு லாரிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். அதன்பிறகு இரண்டு மூன்று மாதம், டிரைவர் வராத வண்டிகளுக்குக் கூப்பிட்டால் போவதும், கூப்பிடாத நாளில் திருப்புட்குழி ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பதுமாகக் கழிந்தது. கடைசியில் பேச்சை எடுத்தது அவன் பெண்டாட்டி ரேணுகாம்பாள்தான்.

"இன்னொருத்தன் வண்டிய எத்தினி நாளைக்கு ஓட்டிக்கினு இருப்ப? எங்க அப்பன் குடுத்த அரைக்காணி கீதே, அத்த வித்துடு. சொந்தமா ஒரு வண்டி வாங்கு."

"அது உன் நெலம்மே. நாளைக்கு நம்ம பொண்ணு அம்சவேணிக்கு ஒன்னு செய்யணும்னா?"

"ஏரி ரெண்டு வருசமா ரொம்பல. தண்ணி இல்லாத நெலத்த வெச்சிக்கினு அவளுக்கு இன்னா செய்யப் போறேன்? வண்டி ஓடிச்சின்னா தானா நடக்கும்."

அப்படித்தான் தை மாதம் சின்ன காஞ்சிபுரத்தில் கலியாணசுந்தரம் வீட்டுக் கொல்லையில், தார் பீப்பாய்களுக்கு நடுவில், அந்த ஜீப்பின் முன்னால் போய் நின்றார்கள் புருஷனும் பெண்டாட்டியும். கலியாணசுந்தரம் ரோடு கான்ட்ராக்டர். காஞ்சிபுரத்தைச் சுற்றி எந்த ரோட்டுக்குக் கப்பி போட்டாலும் அவர் பெயர் அதில் இருக்கும். கட்சிக்காரர்கள், ஆபீஸர்கள் எல்லாருக்கும் வேண்டியவர். ஜீப் பட்டாளத்தில் கழித்துப் போட்டது. ஏலத்தில் எடுத்து ஆறு வருஷம் வேலைக்கு ஓட்டியிருந்தார். புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தது. பக்கத்தில் போனால் வாசனை மூக்கில் ஏறியது.

"ஏன் சார் விக்கிறீங்க?" என்று கேட்டான் துரைக்கண்ணு.

"கார் வந்துடுச்சிப்பா. ரெண்டு வண்டிய வெச்சிக்கினு நான் இன்னா பண்ண? இன்ஜின் கேளு, தறி மாதிரி பேசும்."

இன்ஜின் நன்றாகத்தான் பேசியது. விற்பனைப் பத்திரம் முத்திரைத்தாளில் முன்பே டைப் அடித்து வைத்திருந்தது. வாங்குகிறவர் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. துரைக்கண்ணு எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன். தேதியில் கை வைத்துக் கேட்டான்.

"நவம்பர் பத்துன்னு போட்டிருக்குதே சார்? இது ஜனவரியாச்சே."

"ஆரணியிலேர்ந்து ஒரு பார்ட்டி வரேன்னாரு. அவருக்குன்னு ரெடி பண்ண பேப்பரு. ஆளு வரல. முத்திரைத்தாள எதுக்கு வீணாக்கணும்? தேதியில இன்னாப்பா இருக்குது, வண்டி உனக்குத் தானே வருது?"

ரேணுகாம்பாள் முன் மட்கார்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். துரைக்கண்ணு கையெழுத்துப் போட்டான்.

பாலுசெட்டி சத்திரத்தில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தி ஆள் ஏற்றத் தொடங்கினான். ஆறு பேர் உட்காருகிற வண்டியில் பன்னிரண்டு பேர் ஏறினார்கள். இடுப்பு வலி கண்ட பெண்கள், பாம்பு கடித்தவர்கள், கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போகிற கூட்டம், கோர்ட்டுக்குப் போகிறவர்கள் என்று ஆள் இல்லாத நாள் இல்லை. ரேணுகாம்பாளை ஊரில் ஜீப்புக்காரம்மா என்று கூப்பிட்டார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓட்டம் முடிந்து வந்ததும் வைக்கோல் பிரியால் வண்டியைத் தேய்த்துக் கழுவுவது அவள் வேலை. மாட்டைக் கழுவுவது மாதிரிதான் கழுவுவாள், வாயால் ஏதோ பேசிக்கொண்டே.

ஆனால் ஜீப் வாரத்துக்கு ஒரு நாள் படுத்தது. முதலில் ரேடியேட்டர் ஒழுகியது. ஈயம் வைத்து அடைத்ததும் டைனமோ சார்ஜ் ஏறவில்லை. அதைச் சரி பண்ணினால் இரண்டாவது கியர் தானாகக் கழன்று விழுந்தது. முழங்காலால் கியர்க் கம்பியை முட்டுக்கொடுத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினான். இதற்கெல்லாம் ஒலிமுகமதுபேட்டையில் தஸ்தகீர் பாய் ஷெட்தான் கதி. தஸ்தகீர் வேலூர்ப் பக்கத்து ஆள். பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு வந்தவர். சாமான் கிடைக்காவிட்டால் மெட்ராஸ் புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய இரும்புக் குவியலில் தோண்டி எடுத்து வருவார். துரைக்கண்ணுவும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூடவே வண்டிக்கு அடியில் படுப்பான். மத்தியானம் ரேணுகாம்பாள் கொடுத்தனுப்பிய கேழ்வரகுக் களியையும் கருவாட்டுக் குழம்பையும் இரண்டு பேரும் ஒரே தூக்கிலிருந்து சாப்பிடுவார்கள்.

"எல்லாம் சரியா பூடும் நைனா. இந்த எடது இழுப்பு மட்டும் ஏன்னு புரியல. ஒரு நாள் முன்பக்கம் பூரா எறக்கிப் பாக்கணும்" என்பார் தஸ்தகீர்.

"எறக்கினா ரெண்டு நாள் ஓட்டம் போயிடும் பாய். அப்பறம் பாக்கலாம்."

வைகாசியில் வரதர் கோயில் கருட சேவை வந்தது. விடிவதற்கு முன்பே ஆரம்பித்து மூன்று நடை ஓட்டிவிட்டான். நான்காவது நடையில், கால் வைக்க இடமில்லாமல் ஆட்கள் தொங்கிக்கொண்டு வரும்போது, முன்பக்கம் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். இடது ஸ்பிரிங்கின் மெயின் பட்டை ஒடிந்துவிட்டது. ஆட்களை இறக்கி விட்டு, ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துக் கட்டி, ஆள் நடக்கிற வேகத்தில் ஷெட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான்.

கத்தரி வெயில் இன்னும் தணியவில்லை. தகரக் கூரைக்குக் கீழே நிற்க முடியாமல் வேப்பமரத்தடியில் வண்டியைப் போட்டு முன்பக்கம் முழுவதையும் இறக்கினார்கள். தஸ்தகீர் ஆக்சிலை நூல் பிடித்துப் பார்த்தார்.

"தொரை, இங்க வா. ஆக்சில் வளைஞ்சிருக்குது பாரு. வளைச்சி நிமித்தியிருக்கான் எவனோ. சரியா நிமித்தல. இந்த மட்கார்டும் வேற வண்டியோடது."

"எங்கனா மரத்துல மோதியிருப்பாங்களா?"

"மரத்துல மோதினா ரேடியேட்டர் போயிருக்கும். இது கீழ ஏதோ மாட்டி இழுத்துக்கினு போயிருக்குது."

ஸ்பிரிங்குக்கும் சேஸுக்கும் நடுவில் கிரீஸும் மண்ணும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. தஸ்தகீர் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பெயர்த்தார். முறுக்கிக்கொண்ட சைக்கிள் போக்ஸ் கம்பிகள் இரண்டு வந்தன. அதற்குப் பின்னால், ஒரு அணா அகலத்தில், தகடு ஒன்று விழுந்தது. மண்ணெண்ணெயில் போட்டுத் துடைத்ததும் எழுத்து தெரிந்தது. சைக்கிள் வரி கட்டினால் பஞ்சாயத்தில் கொடுக்கிற வில்லை. கூரம், 1971, அதற்குக் கீழே ஒரு நம்பர்.

இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. மார்கழியில், பாகிஸ்தான் சண்டை முடிந்த வாரம், கூரத்து நெசவாளி ஒருத்தனை மெயின் ரோட்டில் ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போன சங்கதி காஞ்சிபுரம் பூராவும் பேசியதுதான். தறியிலிருந்து அறுத்த சேலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பனியில் விடியற்காலம் வந்தவன். எந்த வண்டி என்று யாருக்கும் தெரியவில்லை.

"யா அல்லா" என்றார் தஸ்தகீர் மெதுவாக. பிறகு வில்லையை அவன் கையில் வைத்தார். "நான் பாத்துட்டேன். பாக்கலன்னு சொல்ல மாட்டேன். ஆனா நானா போயி யாருக்கும் சொல்லவும் மாட்டேன். வண்டி உன்னுது. நீ பாத்துக்க."

ஷெட்டில் வண்டி நின்றிருந்த நாளிலேயே துரைக்கண்ணு கூரத்துக்குப் போனான். செத்தவன் பெயர் முருகேசன் என்று டீக்கடையில் சொன்னார்கள். அவன் பெண்டாட்டி பெரியநாயகி, பக்கத்து வீட்டுத் தறிக்கு ராட்டினத்தில் நூல்தார் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டினத்தை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வயசுகூட இருக்காது.

"தறி வாங்க வந்தீங்களாண்ணா? தறிய போன மாசமே குடுத்துட்டேன்."

"இல்லம்மா. நான்... முருகேசன எனக்குக் கொஞ்சம் பழக்கம். இப்பத் தான் கேள்விப்பட்டேன்."

அது பொய். அவளோ, கேட்க ஒரு ஆள் கிடைத்த மாதிரி சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"தீவாளிக்கு முடிக்க வேண்டிய சேலைண்ணா. ஜுரத்துல படுத்துட்டதால தள்ளிப் போச்சி. மொதலாளி திட்டப் போறாருன்னு விடியறதுக்குள்ள கெளம்பினாரு. காப்பித் தண்ணி போடறேன், குடிச்சிட்டுப் போங்கன்னேன். வந்து குடிக்கறேன்னாரு. அடிச்ச எடத்துலேர்ந்து அம்பதடி தள்ளிக் கெடந்தாரு. கரும்பு வண்டிக்காரங்க பாத்துத் தூக்கிக்கினு போனாங்க. உச்சிப் பொழுது வரைக்கும் உசிரு இருந்திச்சி. ஜீப்பு, ஜீப்புன்னு ரெண்டு வாட்டி சொன்னாரு. உடனே கொண்ணாந்திருந்தா பொழைச்சிருப்பாருன்னு டாக்டரு சொன்னாரு."

"போலீஸுல...?"

"நம்பர் இன்னான்னு கேக்கறாங்க. செத்துப் போனவரு வந்து நம்பர் சொல்லுவாரா?" ராட்டினம் நின்றது. "எனக்கு ஒன்னும் வேணாண்ணா. யாருன்னு தெரிஞ்சாப் போதும். ரோட்டுல போனா ஒவ்வொரு ஜீப்பையும் இதுவா, இதுவான்னு பாத்துக்கினே போறேன். பைத்தியம் பிடிச்சிரும் போல கீது."

வேட்டி மடிப்பில் வில்லை தொடையைக் குத்திக்கொண்டிருந்தது. துரைக்கண்ணு எழுந்து வந்துவிட்டான்.

நேராக சின்ன காஞ்சிபுரம் போனான். கலியாணசுந்தரம் அப்போதுதான் குளித்துவிட்டுத் திருமண் இட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். காப்பி வரவழைத்தார். துரைக்கண்ணு வில்லையைக் காட்டினான். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. எட்டிப் பார்த்துவிட்டுத் திருமண்ணை இட்டு முடித்தார்.

"உன் வண்டியில இருந்திச்சா?"

"உங்க வண்டி சார் அது. மார்கழியில உங்க கிட்ட தானே இருந்திச்சி."

"பேப்பர் வீட்டுல இருக்குதா? எடுத்துப் பாரு. நவம்பர் பத்துலேர்ந்து வண்டி உன்னுது."

துரைக்கண்ணுவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தான்.

"சார், அது நீங்க டைப் அடிச்ச தேதி."

"கீழ கையெழுத்து யாருது?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "தொரை, நான் உனக்குக் கெட்டது நெனைக்கல. பேசாம போயி வண்டிய ஓட்டு. நீயும் நல்லா இரு, நானும் நல்லா இருக்கேன். செத்தவன் எழுந்து வரப் போறதில்ல. பேசினேன்னு வெச்சிக்க, ஜெயிலுக்குப் போறவன் நான் இல்ல."

அன்று சாயங்காலம் ரேணுகாம்பாள் அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். அவள் எரிகிற விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"பத்திரத்துல கையெழுத்துப் போடறப்போ நானும் பக்கத்துலதானே நின்னேன்?"

"நின்ன."

"எனக்குப் படிக்கத் தெரியல. உனக்குத் தெரியுமே."

அவன் வேட்டி மடிப்பிலிருந்து வில்லையை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"அந்தப் பொம்பள இன்னா கேக்கறா? நஷ்டஈடா?"

"ஒன்னும் வேணான்றா. யாருன்னு தெரிஞ்சாப் போதும்ன்றா."

"தெரிஞ்சி? அவன அவ இன்னா பண்ணுவா? அவன் நெழலக் கூடத் தொட முடியாது." ரேணுகாம்பாள் அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "யோவ், கேட்டுக்க. நீ போயி சொன்னா வண்டிய ஸ்டேஷன்ல நிறுத்திடுவாங்க. உன்ன உள்ள வெச்சிருவாங்க. நெலம் போச்சி, வண்டி போச்சி, நீயும் போயிட்டா நானும் இந்தப் பொண்ணும் எங்க போறது? நீ யாரையும் சாகடிக்கல. நீ ஓட்டல. எதுக்கு அந்தப் பாவத்த நீ தலையில தூக்கி வெச்சிக்கினு ஆடற?"

"அவ கிட்ட பொய் சொல்லிட்டு வந்தேன்மே."

"ஒரு பொய் தானே. உலகத்துல யாரும் சொல்லாததா?"

துரைக்கண்ணு அவள் பேச்சைக் கேட்டான். புது ஸ்பிரிங் போட்டு, ஆக்சிலை நெருப்பில் காய்ச்சி நிமிர்த்தி, தஸ்தகீர் வண்டியைக் கொடுத்தார். இடது இழுப்பு போய்விட்டது. வாங்கியதிலிருந்து அத்தனை நன்றாக அந்த ஜீப் ஓடியதே இல்லை. ஆனியும் ஆடியும் போயின. அவன் கூரம் கிளைச் சாலை வருகிற இடத்தில் மட்டும் பேச்சை நிறுத்திக்கொள்வான். பக்கத்தில் இருக்கிறவர்கள் கேட்டதற்குப் பதில் வராது. சோறு பாதியிலேயே கையைக் கழுவிவிடுவான். ரேணுகாம்பாள் பார்ப்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள். வண்டியைக் கழுவுவதை மட்டும் அவள் விட்டுவிட்டாள். அவனே கழுவினான்.

ஆவணியில் ஒரு நாள், மழை தூறிக்கொண்டிருக்கும்போது, பாலுசெட்டி சத்திரத்தில் ஜீப்பில் ஆள் ஏறிக்கொண்டிருந்தது. தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் ஐந்து வயசுப் பெண்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். குழந்தைக்கு உடம்பு நெருப்பாகக் காய்ந்தது. பின்னால் இடமில்லை. முன் சீட்டில் இருந்தவர் எழுந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்து முக்காட்டை எடுத்த பிறகுதான் துரைக்கண்ணு பார்த்தான். பெரியநாயகி.

அவளும் பார்த்தாள். "நீங்களாண்ணா? ஜீப்பு உங்களுதா?" என்றாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். எட்டு மைலும் குழந்தை முனகிக்கொண்டு வந்தது. அவள் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். யாரையும் இறக்கிவிட நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான்.

டாக்டர் பார்த்து, ஊசி போட்டு, குழந்தையைப் படுக்க வைத்தார்கள். பயமில்லை என்றார்கள். பெரியநாயகி முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே வாசலுக்கு வந்தபோது ஜீப் அங்கேயே நின்றிருந்தது. மற்ற ஆட்களெல்லாம் இறங்கிப் போய்விட்டிருந்தார்கள்.

"வேணாம்மா. காசு வேணாம்."

"ஏண்ணா? அன்னிக்கும் ஒன்னும் சொல்லாம எழுந்து போனீங்க. அவர எந்த ஊர்ல பழக்கம்னு கேக்கலாம்னு நெனச்சேன். எதுக்கு வந்தீங்க அன்னிக்கு?"

துரைக்கண்ணு சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வில்லை என்று தெரிந்தது. மழையில் நின்றபடி அவன் சொன்னான். யாரிடம் வாங்கியது, எங்கே இருந்தது, தேதி, கலியாணசுந்தரம் பேசியது, ஒன்றையும் விடவில்லை.

அவள் ஜீப்பின் முன்பக்கமாகப் போனாள். பம்பரையும் விளக்கையும் சக்கரத்தையும் பார்த்தாள். தொடவில்லை.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"வைகாசியில."

"மூணு மாசமா நான் ரோட்டப் பாத்துக்கினு இருந்தேன்" என்றாள். "நீங்க இதுல ஆள் ஏத்திக்கினு போயிக்கினு இருந்தீங்க."

"மன்னிச்சிக்கம்மா" என்று துரைக்கண்ணு கை கூப்பினான். ஆஸ்பத்திரி வாசலில் பூ விற்கிறவர்கள், சோடாக் கடைக்காரர், குடை பிடித்து நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

"எங்கூட ஸ்டேஷனுக்கு வந்து இத்த சொல்லுவீங்களா?"

"வரேன்."

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆயாம்மாவிடம் சொல்லிவிட்டு அவள் வந்தாள். ஜீப்பில் ஏறமாட்டேன் என்றாள். அவள் மழையில் முன்னால் நடக்க, துரைக்கண்ணு ஒன்றாவது கியரில் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனான்.

ஸ்டேஷனில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். ஜீப்பை வேலியோரம் நிறுத்தச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் கலியாணசுந்தரம் பத்திரத்தின் நகலை ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் கொடுத்தனுப்பினார். அன்று மத்தியானமே துரைக்கண்ணுவைக் கூட்டிப்போய், சட்டையைக் கழற்றி லாக்கப்பில் உட்கார வைத்தார்கள். பதினைந்து நாள் சப்ஜெயில். பிறகு தஸ்தகீரும் ரேணுகாம்பாளின் அண்ணனும் ஜாமீன் கொடுத்து வெளியே எடுத்தார்கள்.

கேஸ் ஒன்றேகால் வருஷம் நடந்தது. ரேணுகாம்பாள் நடவுக்கும் களைக்கும் போனாள். வாய்தாவுக்கு வாய்தா அவளும் கூட வந்து கோர்ட்டு அரசமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். ஸ்டேஷன் வேலியோரம் ஜீப்பின் நான்கு டயரும் தரையோடு படிந்து, சீட்டில் கோழி முட்டையிட்டது. போகும்போதும் வரும்போதும் அவள் அந்தப் பக்கம் திரும்பமாட்டாள்.

தஸ்தகீர் சாட்சி சொன்னார். வண்டி தன் ஷெட்டுக்கு முதலில் வந்தது தை மாதம் என்றார். அதற்கு முன் வேறு ஷெட்டுக்குப் போயிருக்கலாமா என்று அரசு வக்கீல் கேட்டார். "போயிருக்கலாம். ஆனா போகல" என்றார். போயிருக்கலாம் என்பது மட்டும் எழுதப்பட்டது. நிலம் விற்ற பத்திரமும் தை மாதம்தான் என்று துரைக்கண்ணுவின் வக்கீல் காட்டினார். வண்டியை முன்பே தவணைக்கு எடுத்துவிட்டு, பிறகு நிலத்தை விற்றிருக்கலாம் என்றார்கள். நவம்பரில் அவனுக்கு வேலை இல்லை, வண்டி தேடிக்கொண்டிருந்தான் என்பதற்கு மில் முதலாளியின் மகனே வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போனான். கலியாணசுந்தரம் ஒரே ஒரு நாள் வந்தார். பத்திரத்தில் இருப்பது தன் கையெழுத்துத்தான் என்றார். எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டுக் காரில் போனார்.

பெரியநாயகி கூண்டில் ஏறிய அன்று துரைக்கண்ணுவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. அவள் அவன் பக்கம் திரும்பி லேசாகத் தலையசைத்தாள். நல்லது செய்ய வந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

"உங்க புருஷன மோதினது இந்த ஜீப்புன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் அரசு வக்கீல்.

"தோ நிக்கறாரே, இந்த அண்ணன் தான் சொன்னாரு."

"அவரே சொன்னாரா?"

"ஆமாங்க. வேற ஒருத்தரும் வரல. இவரு ஒருத்தரு தான் வந்தாரு. அவரோட வில்லையக் கையில குடுத்தாரு. மன்னிச்சிக்கம்மான்னு கை கூப்பினாரு. ஆஸ்பத்திரி வாசல்ல அத்தினி பேரும் பாத்தாங்க. இந்த மாதிரி மனுசரப் போயி..."

"போதும்" என்று அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

"இல்லீங்க, இன்னும் இருக்குது. ஓட்டினது இவரு இல்லீங்க."

"ஓட்டினவர நீங்க பாத்தீங்களா?" என்று மாஜிஸ்திரேட்டே கேட்டார்.

"நான் எங்கீங்க பாத்தேன்? இவரு தான் சொன்னாரு, நான் ஓட்டலன்னு."

மாஜிஸ்திரேட் எழுதினார். பேனா நின்றதும் இறங்கச் சொன்னார்கள். அவள் இறங்காமல் சுற்றிலும் பார்த்தாள். இரண்டாவது தடவை சொன்ன பிறகு இறங்கினாள்.

பத்து நாள் கழித்துத் தீர்ப்பு. ஒன்பது மாதம். இறந்தவர் மனைவியிடம் எதிரி துரைக்கண்ணு பலர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டது அதில் இரண்டு இடத்தில் வந்தது. அப்பீல் செய்யலாம் என்று வக்கீல் சொன்னார். விற்க இன்னும் என்ன இருக்கிறது என்பது போல ரேணுகாம்பாள் அவரைப் பார்த்தாள். அவர் கேஸ் கட்டுகளைக் கட்டிக்கொண்டு அடுத்த கேஸுக்குப் போனார்.

வேலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோகப் போலீஸ் வேன் கோர்ட்டு வாசலில் நின்றது. கையில் விலங்கோடு துரைக்கண்ணு படியிறங்கி வரும்போது பெரியநாயகி குறுக்கே வந்தாள்.

"அண்ணா, நான் நடந்தத தானே சொன்னேன்? ஒரு வார்த்த மாத்திச் சொன்னேனா? அதுல இன்னாண்ணா தப்பு?"

"தப்பு ஒன்னும் இல்லம்மா. நடந்தத தான் சொன்ன. பொண்ணு நல்லா இருக்குதா?"

"இருக்குதுண்ணா" என்றவள் அழ ஆரம்பித்தாள்.

ரேணுகாம்பாள் சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். அம்சவேணி அவள் தோளோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். துரைக்கண்ணு அருகில் வந்ததும் ரேணுகாம்பாள் அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"அவ மேல எனக்குக் கோவம் இல்ல" என்றாள். "உம்மேல தான்யா கீது. அது போகாது. ஒன்பது மாசத்துல போகாது."

"தெரியும்."

"வேளைக்குத் துன்னு. பாதியில எழுந்துடாத."

அவனை வேனில் ஏற்றினார்கள். டிரைவர் சுவிட்சைப் போட்டான். இன்ஜின் இருமியது, கிளம்பவில்லை. பத்து தடவை போட்டான். இறங்கிப் பானெட்டைத் திறந்து அதையும் இதையும் தட்டினான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தள்ளிப் பார்த்தார்கள். கோர்ட்டுக்கு வந்த கூட்டம் வேனைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. ஹெட் கான்ஸ்டபிள் பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்.

"யோவ், நீ டிரைவர் தானே? எறங்கி இத்த இன்னான்னு பாரு."

ஒரு கை விலங்கைக் கழற்றி விட்டார்கள். துரைக்கண்ணு இறங்கிக் குனிந்து பார்த்தான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினான். உள்ளே கரன்ட் கொடுக்கிற பாயிண்ட் கரியேறி இருந்தது. ஒரு தீப்பெட்டி கேட்டான். கூட்டத்தில் யாரோ கொடுத்தார்கள். உரசுகிற பக்கத்தைக் கிழித்து மடித்து, பாயிண்டுக்கு நடுவில் விட்டு நிதானமாகத் தேய்த்தான். ஊதினான். மறுபடி தேய்த்தான். விரல் நகத்தால் இடைவெளி பார்த்து, மூடியைப் போட்டு, "இப்பப் போடுங்க" என்றான்.

முதல் தடவையிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. துரைக்கண்ணு ஒரு நிமிஷம் காதைக் கொடுத்து அதைக் கேட்டான். பிறகு பானெட்டை இறக்கி மூடி, கிரீஸ் படிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அந்தக் கையை அவனாகவே ஹெட் கான்ஸ்டபிளிடம் நீட்டினான்.